ஐவர் கூடினால் ஓர் ஆட்டம்

நேயர்களே, கோலார் தங்கவயலைப் பற்றிப் பேச முற்படுவோர் பெரும்பாலும் பூமிக்கு அடியில் நிகழ்ந்தவற்றையே பேசுவது வழக்கம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியதைச் சொல்வர். 1902-ஆம் ஆண்டிலேயே காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இங்கு கொண்டுவரப்பட்டதைச் சொல்வர். நூற்றிருபது ஆண்டுகளில் எடுக்கப்பட்ட பொன்னின் எடையைச் சொல்வர். நாம் இன்று பேச விரும்புவது பூமிக்கு மேலே உள்ள ஓரிடத்தைப் பற்றி. லயன் வீடுகளின் வரிசைகளுக்கு இடையே, சிவந்த மண்ணும் சரளைக்கல்லுமாகக் கிடக்கும் அந்தத் திறந்த வெளியைப் பற்றி. மாலை நேரத்தில் அங்கே என்ன விளையாடலாம் என்பது பற்றி.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு வந்து சுரங்கத் தொழிலை நிலைநிறுத்திய பின்னர், வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் கூட்டங்கூட்டமாக இங்கு குடியேறினர். அவர்கள் கட்டிய வாழ்வு சுரங்கத்தின் ஷிஃப்ட்டுகளை ஒட்டியே அமைந்தது. ஆங்கிலேய அதிகாரிகளுக்கு கோல்ஃப் மைதானமும் கிளப்பும் இருந்தன. ஊரின் தட்பவெப்பமும் அவர்களுடைய பங்களாக்களும் சேர்ந்து, இதற்குச் சின்ன இங்கிலாந்து என்ற பெயரையே வாங்கித் தந்தன. தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கிட்டியது லயனைச் சுற்றிய மண்தரை. அந்தத் தரையில்தான் கால்பந்தும் ஹாக்கியும் கிரிக்கெட்டும் வளர்ந்தன. ஆள் பஞ்சம் என்ற பேச்சுக்கு அன்று இடமில்லை. ஒரு ஷிஃப்ட் மேலே ஏறிவந்தால் பதினொருவர் என்ன, நான்கு பதினொருவர் கிடைப்பர்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பிறகு ஊரின் பகல் வேறாகிவிட்டது. பொழுது விடியும் முன்னரே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, ஊர்காம், கோரமண்டல் வழியாகப் பங்காருப்பேட்டை சென்று, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பின் வீடு திரும்புவோர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். இளைஞர்களுடைய மாலைப்பொழுது ரயில் பெட்டியிலேயே கழிந்துவிடுகிறது. லயனில் மிஞ்சுவோர் பள்ளிப் பிள்ளைகளும், சில பெண்களும், அன்று வேலைக்குப் போகாத ஓரிருவருமே. மைதானம் இருக்கிறது; ஆடத்தான் ஆள் இல்லை. இருபத்திருவரைத் திரட்டக் காத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். அதற்குள் பிள்ளைகளின் கை கைப்பேசிக்குப் போய்விடும்.

இந்த நிலை தங்கவயலுக்கு மட்டும் உரியதன்று. மும்பையின் தாராவியிலும், தில்லியின் குடியிருப்புகளிலும், பெங்களூரின் பின்தெருக்களிலும் வாழும் நம்மவருக்கு இடமே பெருந்தட்டுப்பாடு. தங்கவயலில் இடம் உண்டு, ஆள் குறைவு. மற்ற இடங்களில் ஆள் உண்டு, இடம் குறைவு. இவ்விரு குறைக்கும் பொருந்திய ஓர் ஆட்டம் உண்டென்றால் அதைத் தெரிந்துகொள்வதில் நட்டமில்லை அல்லவா? பத்துப் பேரும் ஒரு ரப்பர் பந்தும் இருந்தால் ஆடக்கூடிய அவ்வாட்டத்திற்கு ‘பேஸ்பால் ஃபைவ்’ என்று பெயர். ஐவர் பேஸ்பால் என்று நாம் அழைப்போம்.

பேஸ்பால் என்றவுடன் நம்மில் பலருக்குத் திரைப்படங்களில் கண்ட அமெரிக்கக் காட்சி நினைவுக்கு வரும். தலையில் தொப்பி, ஒரு கையில் பெரிய தோலுறை, உருண்ட மட்டை, முகத்தில் கம்பிக்கூண்டு அணிந்து குந்தியிருக்கும் ஒருவர். அந்தப் பெரிய ஆட்டத்தில் கட்சிக்கு ஒன்பதுபேர். ஓடவேண்டிய நான்கு மூலைகளும் ஒன்றுக்கொன்று 90 அடி தூரத்தில் இருக்கும். மைதானத்தின் எல்லையோ நூறு மீட்டருக்கும் அப்பால். மட்டைக்கும் உறைக்கும் கவசத்திற்கும் ஆகும் செலவில் ஒரு லயன் முழுவதற்கும் கால்பந்து வாங்கிக் கொடுத்துவிடலாம். ஆகவே அது நம் பிள்ளைகளுக்கு எட்டாத ஆட்டமாகவே இருந்துவந்துள்ளது.

ஆனால் அதே ஆட்டத்தைப் பைத்தியமாக நேசிக்கும் ஏழை நாடொன்று உண்டு, அது கியூபா. அங்குள்ள தெருப்பிள்ளைகளிடமும் மட்டை வாங்கக் காசில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? மட்டையைக் கைவிட்டார்கள், கையையே மட்டையாக்கினார்கள். பந்து எறிபவரையும் நீக்கினார்கள். தெருக்கள் கூடும் சந்தியில் நான்கு மூலைகளையும் நான்கு தளங்களாகக் கொண்டு ஆடினார்கள். அவ்வாட்டத்திற்கு அவர்கள் மொழியில் இட்ட பெயரின் பொருளே ‘நான்கு மூலை’ என்பதுதான். உலக பேஸ்பால் சாஃப்ட்பால் கூட்டமைப்பு இத்தகைய தெருவாட்டங்களை எடுத்து, அளவும் விதியும் வகுத்து, 2017, 2018-ஆம் ஆண்டுகளில் உலகின்முன் வைத்தது. 2022-இல் மெக்சிகோ நகரில் இதற்கு முதல் உலகக் கோப்பைப் போட்டி நடந்தபோது கோப்பையை வென்றதும் கியூபாவே. டக்கார் நகருக்கென 2026-ஆம் ஆண்டிற்குக் குறிக்கப்பட்ட இளைஞர் ஒலிம்பிக் ஆட்டங்களின் பட்டியலிலும் இது இடம்பெற்றது. தெருவில் பிறந்த ஆட்டம் என்பதால் தெருவில் ஆடுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி ஆட்டத்திற்கு வருவோம். முதலில் களம் போட வேண்டும். திறந்த வெளியின் ஒரு மூலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். அம்மூலைக்கு ‘வீடு’ என்று பெயர். அங்கிருந்து இரண்டு கோடுகள் செங்கோணத்தில் பிரிந்து செல்லும். ஒவ்வொரு கோடும் 21 மீட்டர் நீளம். இக்கோடுகளை இரு பக்கங்களாகக் கொண்ட 21 மீட்டர் சதுரமே ஆடுகளம். அந்தச் சதுரத்திற்குள் 13 மீட்டர் பக்கமுள்ள இன்னொரு சதுரம் உண்டு. அதன் ஒரு மூலை வீடு. மற்ற மூன்று மூலைகளும், வீட்டிலிருந்து களத்தை நோக்கி நிற்பவருக்கு வலப்பக்கம் தொடங்கி, முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் எனப்படும். ஓடுவது எப்போதும் இந்த வரிசையில்தான். அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், கோயிலை இடஞ்சுற்றி வருவது போல.

அளவுநாடா இல்லையென்றால் கவலை வேண்டாம். நன்கு வளர்ந்த ஒருவரின் நடை ஏறத்தாழ முக்கால் மீட்டர். பதினேழு நடை வைத்தால் பதின்மூன்று மீட்டர் வந்துவிடும். இருபத்தெட்டு நடையில் இருபத்தொரு மீட்டர். செங்கோணத்திற்கு ஒரு கயிறு போதும். சம தூரத்தில் முடிச்சிட்டுப் பன்னிரண்டு பங்காகப் பிரித்த கயிற்றை மூன்று, நான்கு, ஐந்து என்ற பக்கங்களாக இழுத்துப் பிடித்தால், மூன்றும் நான்கும் சேருமிடம் செங்கோணம். கட்டடவேலை செய்வோர் வாயிற்படி மட்டம் பார்க்கும் முறைதான் இது. சுண்ணாம்புத் தூளோ, கோலமாவோ, அடுப்புச் சாம்பலோ கோடு போடப் போதும். தளங்களுக்குப் பழைய சாக்கை நான்காக மடித்து விரித்துவிடலாம். கல்லை மட்டும் தளமாக வைக்காதீர்கள், கால் இடறும்.

வீட்டிலிருந்து இரு கோடுகளிலும் நாலரை மீட்டர் தூரத்தில், அதாவது ஆறு நடையில், ஒரு புள்ளி குறித்து, இரண்டையும் ஒரு குறுக்குக் கோட்டால் இணைக்க வேண்டும். வீட்டிற்கும் இந்தக் குறுக்குக் கோட்டிற்கும் இடைப்பட்ட முக்கோணத்தில் அடித்த பந்து விழலாகாது. இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடத் தொடங்குவர். ஆட்டம் ஆட்டமாக இராது. வீட்டை ஒட்டிப் பின்புறத்தில் மூன்று மீட்டர் சதுரம் ஒன்று வரைந்துகொள்ள வேண்டும். அது அடிப்பவர் நிற்கும் இடம்.

பந்து உள்ளீடற்ற ரப்பர் பந்து. விதிப்படி அதன் எடை ஏறக்குறைய 85 கிராம். டென்னிஸ் பந்தைவிடச் சற்றுக் கனம், அளவில் அதைப் போன்றதே. டென்னிஸ் பந்திலேயே ஆடத் தொடங்கலாம். கிரிக்கெட் பந்தை மட்டும் யாரும் கையால் அடித்துப் பார்க்க வேண்டாம்.

அடிப்பது எப்படி? பந்து எறிபவர் யாரும் இல்லை என்று சொன்னோம். அடிப்பவரே பந்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, சிறிது மேலே தூக்கிப் போட்டு, மற்றொரு கையின் உள்ளங்கையாலோ முஷ்டியாலோ அடிக்க வேண்டும். அடிக்கும் வரையில் இரு கால்களும் கட்டத்திற்குள் இருக்க வேண்டும். அடித்த பந்து குறுக்குக் கோட்டைத் தாண்டி, இரு கோடுகளுக்கும் உட்பட்ட களத்தில் முதலில் தரையைத் தொட வேண்டும். கோட்டுக்கு வெளியே விழுந்தால் அவுட். கை தவறிப் பந்தை அடிக்காமல் விட்டாலும் அவுட். பெரிய பேஸ்பாலில் மூன்று வாய்ப்புகள் உண்டு. இங்கே ஒன்றே ஒன்றுதான். எல்லைக் கோட்டையோ சுவரையோ தரையில் படாமல் நேரே தாண்டியோ தாக்கியோ பந்து போனாலும் அவுட்டே.

இந்த இறுதி விதியை நாம் மிகவும் பாராட்டுகிறோம். கிரிக்கெட்டில் பந்தை அடுத்த லயன் கூரைமேல் அனுப்பியவர் வீரர். ஓடு உடைந்த வீட்டம்மாள்தான் வில்லி. இங்கே கூரைக்கு அனுப்பியவர் வெட்கத்தோடு அமர வேண்டியதுதான். வலிமையைக் காட்டும் ஆட்டமாக இல்லாமல், இடைவெளியைக் கண்டு அடிக்கும் ஆட்டமாக இது அமைந்ததற்கு இவ்விதியே காரணம். முதியவர்கள் கட்டிலில் சாய்ந்திருக்கும் வாசலுக்கு எதிரிலும் இதை ஆடலாம்.

பந்தை அடித்தவுடன் அடித்தவர் முதல் தளத்தை நோக்கி ஓடியே தீர வேண்டும். கிரிக்கெட்டில் பழகியவர் இவ்விடத்தில்தான் தடுமாறுவார். அங்கே அடித்துவிட்டு நின்றுகொண்டே இருக்கலாம். ஓடுவதும் ஓடாததும் அவர் விருப்பம். இங்கே நிற்பதற்கு உரிமை இல்லை. முதல் தளத்தைப் பந்துக்கு முன்னால் அடைந்தால் அங்கே பத்திரமாக நிற்கலாம். அடுத்தவர் அடிக்கும்போது அவர் இரண்டாம் தளத்திற்கு ஓட வேண்டும். இவ்வாறு மூன்று தளங்களையும் சுற்றி வீடு வந்து சேர்ந்தால் அவர் கட்சிக்கு ஓர் ஓட்டம். தளத்தில் நிற்பவர் பந்து அடிபடும் வரையில் காலை எடுக்கலாகாது; முன்னதாக நழுவினால் அவுட். முதல் தளத்தில் தடுப்பவரும் ஓடி வருபவரும் மோதிக்கொள்வது வழக்கம் என்பதால், அங்கு மட்டும் இரண்டு தளங்களை ஒட்டி வைப்பர். கோட்டுக்கு உட்புறமுள்ளது தடுப்பவருக்கு, வெளிப்புறமுள்ளது ஓடுபவருக்கு.

கட்சிக்கு ஐவர் எப்படிப் போதும் என்று சிலர் ஐயுறலாம். கணக்குப் பார்ப்போம். மூன்று தளங்களிலும் மூவர் நிற்கிறார்கள், நான்காமவர் அடிக்கிறார், ஐந்தாமவர் தம் முறைக்குக் காத்திருக்கிறார். ஒருவர் குறைந்தால் ஆட்டம் இழுபடும். ஒருவர் கூடினால் ஒருவர் சும்மா இருப்பார். கியூபாவின் சிறுவர்கள் கணக்குப் போட்டுத்தான் இதைக் கண்டார்களோ, ஆடிப் பார்த்துத்தான் கண்டார்களோ, எண்ணிக்கை கச்சிதமாக அமைந்துவிட்டது.

இனி இவ்வாட்டத்தின் நெஞ்சம் எனத் தகும் பகுதி. ஓடுபவரை அவுட் ஆக்குவது எப்படி என்பது. இதைச் சற்று நிதானமாகக் கேட்க வேண்டும். ஏனெனில் புதிதாக ஆடுவோர் சண்டையிட்டுக்கொள்வது இங்கேதான்.

அடித்த பந்து தரையைத் தொடும் முன்னர் பிடிக்கப்பட்டால் அடித்தவர் அவுட். இது கிரிக்கெட்டில் உள்ளதே. தரையைத் தொட்ட பந்தாயின், தடுப்பவர் அதை எடுத்து முதல் தளத்திற்கு எறிய, அங்கே நிற்பவர் தளத்தை மிதித்துக்கொண்டு பந்தைப் பிடித்துவிட்டால், ஓடி வருபவர் அவுட். அவரைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. அவருக்குத் திரும்பிச் செல்ல வேறு இடம் இல்லை, போய்த்தான் ஆகவேண்டும். ஆகவே அவர் போகும் இடத்தை அடைத்துவிட்டால் போதுமானது. இதைக் கட்டாய ஓட்டம் என்போம். முதல் தளத்தில் ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தால் அவருக்கும் இதே கட்டாயம்தான். பின்னாலிருந்து ஒருவர் வருகிறார். ஒரே தளத்தில் இருவர் நிற்க இயலாது. ஆகவே அவர் இரண்டாம் தளத்திற்குப் போயே தீர வேண்டும். எனவே இரண்டாம் தளத்தைப் பந்தோடு மிதித்தாலும் அவர் அவுட்.

பின்னாலிருந்து தள்ளுவோர் யாரும் இல்லாதபோது நிலைமை வேறு. இரண்டாம் தளத்தில் ஒருவர் தனியே நிற்கிறார், முதல் தளம் காலி என்று கொள்வோம். இப்போது அவர் மூன்றாம் தளத்திற்கு ஓடுவது அவருடைய விருப்பம். விரும்பினால் பாதி வழியில் திரும்பியும் விடலாம். அப்படிப்பட்டவரை அவுட் ஆக்கத் தளத்தை மிதித்தால் போதாது. பந்தைப் பிடித்த கையால் அவரைத் தொட வேண்டும். பந்தை அவர்மீது எறிந்து அடிப்பது கூடாது. நம் பேய்ப்பந்திலும் ஏழுகல்லிலும் முதுகில் எறிவதே வழக்கம் ஆதலால், இதை ஆட்டம் தொடங்கும் முன்னரே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நல்லது. மூன்று பேர் அவுட் ஆனால் அக்கட்சியின் முறை முடிந்தது.

ஓர் ஆட்டத்தை மனக்கண்ணால் பார்ப்போம். முதலில் அடிப்பவர் பந்தை மூன்றாம் தளத்திற்கு அருகிலுள்ள இடைவெளியில் தாழ்வாக அடித்துவிட்டு, முதல் தளம் சேர்ந்துவிட்டார். அடுத்து வரும் பெண் பந்தை மெதுவாக முதல் தளக் காவலரின் காலடியிலேயே உருட்டிவிட்டார். காவலர் மகிழ்ச்சியோடு பந்தை எடுத்து, அருகிலேயே உள்ள தம் தளத்தை மிதித்து, அப்பெண்ணை அவுட் ஆக்கினார். பிறகு உற்சாகத்தில் பந்தை இரண்டாம் தளத்திற்கு எறிந்தார். அங்கிருந்தவர் தளத்தை மிதித்துப் பந்தைப் பிடித்து, ‘அவுட், அவுட்’ என்று கூவுகிறார். ஓடி வந்தவரோ தளத்தில் நின்றுகொண்டு தலையசைக்கிறார். யார் சொல்வது சரி?

ஓடி வந்தவர் சொல்வதே சரி. ஏனெனில் பின்னால் வந்த பெண் அவுட் ஆன கணத்திலேயே அவரைத் தள்ளுவோர் இல்லாமல் போயினர், கட்டாயம் நீங்கிவிட்டது. இனி அவரைத் தொட்டால்தான் அவுட். காவலர் முதலில் இரண்டாம் தளத்திற்கு எறிந்து, அங்கிருந்து பந்து முதல் தளத்திற்குத் திரும்பி வந்திருக்குமானால் இருவருமே அவுட் ஆகியிருப்பர். எறிந்த வரிசை மாறியதால் ஒருவர் தப்பினார். நேயர்களே, அந்த ஒரு நொடியில் எங்கு எறிவது என்று முடிவு செய்வதுதான் இவ்வாட்டத்தின் சுவை முழுவதும். கைவலிமை உடையவரைவிட, பந்து வருவதற்கு முன்னரே யோசித்து வைத்திருப்பவரே இதில் மேலானவர்.

ஆட்டம் தொடர்கிறது. ஒருவர் அவுட், இரண்டாம் தளத்தில் ஒருவர் நிற்கிறார். மூன்றாமவர் பந்தை உயரமாக நடுக்களத்திற்கு அடித்தார். தளத்தில் நின்றவர் பந்து தரையில் விழும் என்று நம்பி மூன்றாம் தளத்திற்கு ஓட்டமெடுத்தார். நடுக்களக் காவலரோ பந்தைப் பிடித்துவிட்டார். பிடிக்கப்பட்ட பந்தில் ஓடியவர் தாம் புறப்பட்ட தளத்திற்குத் திரும்பிவந்து அதைத் தொட வேண்டும் என்பது விதி. அவர் திரும்புவதற்குள் பந்து இரண்டாம் தளத்திற்கு வந்து சேர்ந்துவிட்டது. அடித்தவரோடு சேர்த்து அவரும் அவுட். மூன்று ஆகிவிட்டது, கட்சி மாறுகிறது. ஓட்டம் ஒன்றும் இல்லை. இவ்வளவும் நடந்து முடிய இரண்டு நிமிடங்கூட ஆகியிராது.

தடுக்கும் கட்சியின் ஐவரில் மூவர் முதல், இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு அருகில் நிற்பர். நான்காமவர் இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்பார். ஐந்தாமவர் நடுக்களத்தில். வீட்டைக் காக்கத் தனியாக ஒருவர் இல்லை. ஓடுபவர் வீட்டை நோக்கி வரும்போது யாரேனும் ஒருவர் தம் இடத்தை விட்டு அங்கே ஓட வேண்டும். அவர் விட்ட இடத்தை மற்றொருவர் நிரப்ப வேண்டும். வாய்பேசாமல் ஆடினால் நிச்சயம் தோல்வி. ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒவ்வொரு கட்சிக்கும் ஐந்து முறை அடிக்க வாய்ப்பு. ஐந்து முறையும் முடிந்தபின் அதிக ஓட்டம் பெற்றவர் அந்தச் சுற்றை வென்றவர். பெரிய போட்டிகளில் இத்தகைய மூன்று சுற்றுகளில் இரண்டை வெல்ல வேண்டும். மூன்றாவது அவுட் கட்டாய ஓட்டத்தில் நிகழ்ந்தால், அதே வேளையில் ஒருவர் வீட்டைத் தொட்டிருந்தாலும் அவ்வோட்டம் கணக்கில் சேராது. இரு கட்சியும் சமமாக நின்றால் கூடுதலாக ஒரு முறை ஆடுவர். அப்போது முதல் தளத்தில் ஒருவரை நிறுத்தியே தொடங்குவர். விரைவில் முடிவு தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

இன்னொரு விதியை நாம் தனியே எடுத்துக் கூற விரும்புகிறோம். உலகப் போட்டிகளில் ஆண்களும் பெண்களும் ஒரே கட்சியில் சேர்ந்து ஆட வேண்டும். களத்தில் நிற்கும் ஐவரில் எப்போதும் குறைந்தது இரண்டு பெண்களும் இரண்டு ஆண்களும் இருந்தே ஆகவேண்டும். இது சலுகை அன்று, ஆட்டத்தின் சட்டம். லயன் வெளியில் ஆண்பிள்ளைகள் கிரிக்கெட் ஆட, பெண்பிள்ளைகள் திண்ணையிலிருந்து பந்து எடுத்துக் கொடுத்த காட்சியை நாம் எத்தனையோ மாலைகளில் கண்டிருக்கிறோம். ஆள் பற்றாக்குறை என்று மேலே புலம்பினோம் அல்லவா? அப்புலம்பலில் பாதி, திண்ணையில் இருப்போரை எண்ணாமல் விட்டதனால் வந்தது. எண்ணிப் பார்த்தால் பத்துப் பேர் எந்த லயனிலும் உண்டு.

எங்கே ஆடலாம் என்பதுபோலவே எங்கே ஆடலாகாது என்பதும் தங்கவயலில் முக்கியமானது. தாதுவைப் பொடித்துப் பொன் பிரித்த பின் மிஞ்சிய சாம்பல் நிறக் கழிவு, சைனைடு மேடுகளாக ஊரெங்கும் குன்றுபோல் நிற்கிறது. அவற்றின் அடிவாரம் பார்வைக்குச் சமதளமாகவும், கல்லின்றி மென்மையாகவும் இருக்கும். கோடு போடுவதற்குக்கூட மிக வசதி. ஆயினும் அங்கே ஆடக் கூடாது. அந்த மண்ணில் நுண்ணிய கற்பொடியும் சுரங்க வேலையில் பயன்பட்ட இரசாயனங்களின் எச்சமும் உண்டு. காற்றுக் காலத்தில் வெண்புகைபோல் எழும் அத்தூள் ஓடி மூச்சிரைக்கும் பிள்ளையின் நுரையீரலுக்கு நேரே செல்லும். சுரங்கத் தூசியால் மார்பு நோய் கண்ட தாத்தாக்களைப் பார்த்த ஊருக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. சரளை நிறைந்ததானாலும் வீட்டருகிலுள்ள செம்மண் தரையே நல்லது. ஆடுவதற்கு முன்னால் பத்துப் பேரும் வரிசையாக நின்று, குனிந்து, கல் பொறுக்கிக்கொண்டே ஒருமுறை நடந்தால் களம் தயாராகிவிடும். மூடப்பட்ட பழைய சுரங்க வாய்களின் பக்கமும் பந்தைத் தேடிப் போக வேண்டாம். பந்து போனால் போகட்டும்.

இடம் சிறியதாக இருப்போர் அளவுகளைச் சுருக்கிக்கொள்ளலாம். தளங்களுக்கு இடையே பதினேழு நடைக்குப் பதில் பன்னிரண்டு நடையும், களத்திற்கு இருபத்தெட்டுக்குப் பதில் இருபது நடையும் வைத்தால், பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அதுவே சரியாக இருக்கும். பந்து ஒருமுறை தரையில் பட்டு எழும்பி எல்லைக்கு வெளியே உருண்டு சாக்கடையில் விழுந்தால் என்ன செய்வது என்பது போன்றவற்றை அந்தந்த இடத்திற்கேற்ப முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்க. முதல் நாள் முழு ஆட்டம் ஆட முயல வேண்டாம். ஐவர் தளங்களில் நின்றுகொண்டு, பந்தை முதல் தளத்திலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும், மூன்றிலிருந்து வீட்டிற்கும் கீழே விடாமல் எறிந்து சுற்றிவரப் பழகட்டும். வெறுங்கையால் பிடிக்கும்போது விரல்களை முன்னே நீட்டாமல், இரு கைகளையும் கிண்ணமாகக் குவித்து, பந்து வந்த வேகத்தோடு சற்றுப் பின்வாங்கிப் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். அடிப்பவர்கள் பந்தைத் தலைக்கு மேலே தூக்காமல் இடுப்பளவிலேயே விட்டு அடிக்கட்டும். பந்து தாழப் போகும்.

நடுவராக இருப்பதற்கு லயனில் ஆளா இல்லை? ஒருகாலத்தில் கால்பந்தில் ஊதலோடு ஓடிய பெரியவர் ஒருவர் ஏதாவதொரு திண்ணையில் இருப்பார். அவரைக் கூப்பிட்டு முதல் தளத்திற்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். காலும் பந்தும் எது முந்திற்று என்பதை அங்கிருந்துதான் நன்றாகப் பார்க்க முடியும்.